ராக்கியண்ணனுக்குக் கட்டிய பாட்டு

ஆர்மோனியப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் பழந்தோல் வாசனை ஒன்று குப்பென்று மூக்கில் ஏறும். அதோடு கற்பூரமும், பூச்சி அண்டாமல் இருக்க என் ஐயன் உள்ளே போட்டு வைத்திருந்த வசம்புத் துண்டும் கலந்து, எங்கள் வீடு முழுக்க ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த மணம்தான். எங்கள் பக்கத்தில் அப்பாவை "ஐயன்" என்றும் அம்மாவை "ஆத்தா" என்றும் சொல்வோம். இன்றைக்கும் செருப்புக் கடை வாசலைத் தாண்டும்போது அந்தத் தோல் வாசனை வந்தால் எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது.

போன மாதம் என் மகள் கோமதி அட்டாலியில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கிவிட்டாள். துடைத்து வைத்துவிட்டு, "இது நம்ம வீட்டில் இருக்குன்னே எனக்குத் தெரியாது, ஏன் யாரும் வாசிக்கிறதில்ல?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அவளுக்கும், அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். கதையும் சந்தோஷமான கதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் ஐயன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாடகக் கம்பெனியில் பெட்டி வாசித்தவர். ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு ஆடிய கம்பெனி அது. பேசும்படம் வந்து சனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததும் கம்பெனி கலைந்துபோனது. திரைச்சீலையை ஒருவர், கிரீடங்களை ஒருவர் என்று எடுத்துக்கொண்டு போக, ஐயன் பங்குக்கு அந்தப் பெட்டி வந்தது. கோயமுத்தூரில் ஒரு பஞ்சரைக்கும் பேக்டரியில் மூட்டை நிறுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு நாளும் தலைமயிரெல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளையாக வருவார். ஞாயிற்றுக்கிழமை தலை முழுகி, வெளுத்த வேட்டி கட்டி, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மடத்துக்குக் கிளம்புவார். நானும் கூடப் போவேன்.

சத்தியமங்கலம் போகும் சாலையில், அப்போதெல்லாம் இரண்டு பக்கமும் சோளக்காடாக இருந்த இடத்தில், ஒரு பஞ்சு வியாபாரி தன் தாயார் பேரில் கட்டி வைத்த மடம் அது. பிள்ளைகள் இல்லாத, அல்லது இருந்தும் இல்லாத வயசாளிகள் இருபது பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். காலையில் கம்மங்கூழ், மத்தியானம் சோறு. மற்ற நேரமெல்லாம் சாலையில் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் தடவை ஐயன் அங்கே போய் நாடகப் பாட்டுகளை வாசித்தாராம். மரியாதைக்குக் கேட்டுவிட்டு ஆளாளுக்குத் தூங்கிவிட்டார்களாம். ராஜா ராணி பாட்டு அவர்களுக்கு எதற்கு என்று யோசித்த ஐயன், அடுத்த வாரம் பெட்டியைத் திறக்காமலே ஒரு கிழவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஆத்தா, உங்க கதையச் சொல்லுங்க, பாட்டாக் கட்டிப் பாடறேன்" என்றிருக்கிறார். அப்படித்தான் அது ஆரம்பமானது.

அந்தக் கிழவி பேர் பழனியாத்தாள். கோபிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகிப் பரிசலில் பவானி ஆற்றைக் கடந்து வரும்போது, தண்ணீரில் காலை விட்டு விளையாடி ஒரு கால் மெட்டியை ஆற்றில் தொலைத்துவிட்டாள். மாமியாருக்குப் பயந்து விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, "கல்லுல இடிச்சுப்போட்டனுங்க" என்று மூன்று மாதம் நொண்டியே நடந்திருக்கிறாள். பொய்யாக நொண்டி நொண்டி நிஜமாகவே கால் வலி வந்துவிட்டதாம். ஐயன் இதை நாலு அடியாகக் கட்டி, நடுநடுவே பெட்டியும் நொண்டுவது போல வாசித்தார். பழனியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பொக்கை வாயெல்லாம் தெரிந்தது. அவளை மணந்த மனிதர் செத்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தப் பாட்டு நடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவள் புதுப்பெண்.

போத்தனூர் ஸ்டேஷனில் ஆயுசெல்லாம் கைகாட்டி இறக்கி ஏற்றிய ஒருவர் இருந்தார். எந்த வண்டி எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஒரு வண்டியிலும் ஏறியதில்லை. ஐயன் கட்டிய பாட்டில் கடைசி அடியில் அவர் வண்டி ஏறிவிடுவார். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கடைசி அடிக்காகவே காத்திருப்பார். அது முடிந்ததும் "இன்னிக்கு எந்த ஊருங்க எறக்கி உட்டீங்க?" என்று கேட்பார். ஐயனும் ஒரு வாரம் திருச்சிராப்பள்ளி, ஒரு வாரம் பட்டணம் என்று சொல்லிக்கொண்டே வருவார்.

இப்படி ஒரு வருஷத்துக்குள் மடத்தில் எல்லோருக்கும் ஒரு பாட்டு ஆகிவிட்டது, ராக்கியண்ணனைத் தவிர.

ராக்கியண்ணன் அன்னூருக்கு அந்தப்பக்கம் ஒரு காட்டுக்காரர், அதாவது நிலத்துக்காரர், கிணற்றில் கவலை ஓட்டியவர். கமலை என்று மற்ற ஊரில் சொல்வதுதான் எங்களுக்குக் "கவலை". இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு இறங்கும், அதற்கு "வாரி" என்று பேர். சால் என்கிற பெரிய தோல் வாளியை வடத்தில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, வடத்தின் மறுமுனையை மாடுகளின் நுகத்தில் பூட்டுவார்கள். மாடுகள் வாரியில் இறங்கும்போது சால் தண்ணீரோடு மேலே வரும். ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டே இறங்குவார். ராக்கியண்ணனுக்கு ஒல்லியான உடம்பு, வடம் அழுத்தி அழுத்தித் தொடையில் காய்த்துப்போன தழும்பு, பார்வை பாதி மங்கிய கண். எழுந்து நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவரிடம் ஐயன் கதை கேட்ட போதெல்லாம் ஒரே பதில்தான் வரும். "கவலை ஓட்டுனனுங்க. அவ்வளவுதானுங்க." பாட்டு என்ற பேச்சை எடுத்தால், "எனக்கு வேண்டாமுங்க தம்பி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மற்றவர்கள் அவரைச் சும்மா விடவில்லை. பழனியாத்தாள்தான் முன்னால் நிற்பாள். "நாங்கெல்லாம் வெக்கத்த உட்டுச் சொல்லிப்போட்டோம், நீங்க மட்டும் பொத்தி வெச்சு எங்கீங்க கொண்டுக்கிட்டுப் போறீங்க?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ராக்கியண்ணனும் பல்லில்லாத வாயால் கொஞ்சம் சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஐயன் ஏமாந்தார் என்று இப்போது நினைக்கிறேன். வெட்கப்படுகிறார், உள்ளுக்குள் ஆசை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

என் ஆத்தாவுக்குப் பிறந்த ஊரும் அன்னூர்ப் பக்கம்தான். சின்ன வயதில் அவள் அப்பன் கவலை ஓட்ட, இவள் வயலில் மடை திருப்பித் தண்ணீர் கட்டியவள். ராகி ஆட்டிக்கொண்டிருந்த ஆத்தாவிடம் ஐயன் போய், உங்க பக்கத்துக் கவலைப் பாட்டு மெட்டைச் சொல்லிக் கொடு என்று கேட்டார். ஆத்தா ஆட்டுக்கல்லை நிறுத்தாமலே பாடினாள்.

எறங்கி வாடா செவலை, எட்டெடுத்து வாடா
ஏலே மயிலை, உன் எதிரே நெலங் காயுதடா

செவலையும் மயிலையும் மாடுகளின் நிறத்தை வைத்துக் கூப்பிடுகிற பேர். அந்த முதல் அடியைக் கேட்டால்தான் மாடு நடக்கும் என்று ஆத்தா சொன்னாள். கன்றிலிருந்தே அப்படிப் பழக்குவார்களாம். கம்பு வேண்டாம், கயிற்றைச் சுண்ட வேண்டாம், பாட்டு எடுத்தால் இறங்கும். "எங்கண்ணன் ஒரு நா சோறு தின்னுபோட்டுக் கை கழுவறப்பச் சும்மா முணுமுணுத்தான். பூட்டி நின்ன மாடு ரெண்டும் வடத்த இழுத்துக்கிட்டு வாரியில எறங்கிருச்சு. வெறுஞ்சால் மேல வந்து தொங்குது, அவன் எச்சக்கையோட பொறத்தால ஓடறான்" என்று அவள் சொல்ல, நானும் ஐயனும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஆத்தா ஒன்று கேட்டாள். "ஏனுங்க, அவருதான் வேண்டாங்கறாரல்லோ?"

"வெக்கப்படறாரு. கேட்டாப் பூரிச்சுப் போவாரு, பாரு" என்றார் ஐயன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்கவில்லை. மடத்து முற்றத்தில் மத்தியானச் சோறு முடிந்து, இலையெல்லாம் எடுத்து, ஈரம் காயாத தரையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஐயன் மெட்டியை நொண்டவைத்தார், கைகாட்டிக்காரரை ஏதோ ஒரு ஊருக்கு அனுப்பினார். பிறகு, "இன்னிக்கு ஒரு புதுப் பாட்டு, யாருதுன்னு நீங்களே கண்டுபுடியுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பாடும்போது கண்ணை மூடுவது நாடகக் கொட்டகையில் வந்த பழக்கம். எண்ணெய் விளக்குப் புகை கண்ணில் ஏறாமல் இருக்கவாம்.

முதல் அடி எடுத்ததும் அன்னூர்ப் பக்கத்துச் சனங்கள் இரண்டு மூன்று பேர் "அட" என்று நிமிர்ந்தார்கள். கைதட்டல் தாளமாக ஆரம்பித்தது. அப்போதுதான் ராக்கியண்ணன் எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை. தானாகவே, சுவரில் ஒரு கையை ஊன்றி எழுந்து, முற்றத்துக்கு நடுவில் வந்து, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். "ஓ, ஓ" என்று ஏதோ சொன்னார். ஆடுகிறார் என்று நினைத்தோம். மாட்டை நிறுத்துகிற குரல் அது என்று அங்கே தெரிந்தவர்களும் அதைப் பாட்டோடு சேர்ந்த விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முன்வரிசையில் உட்கார்ந்து, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன்.

ஐயன் கண்ணைத் திறக்கவே இல்லை. கைதட்டல் ஏற ஏற அவரும் குரலை ஏற்றிக்கொண்டே போனார். ராக்கியண்ணன் பின்னால் பின்னால் சாய்ந்தார், யாரோ அவரைக் கயிற்றால் இழுப்பது போல. முழு அடியும் முடிந்து ஐயன் கண்ணைத் திறந்தபோது, அவர் முழங்காலில் விழுந்து ஐயனின் கையைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"நிறுத்துங்க சாமி. உள்ள பையன் இருக்கறானுங்க" என்றார்.

அதற்குப் பிறகு கைதட்டல் எப்படி நின்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து ராக்கியண்ணன் மடத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். தண்ணீர் சேந்த வருகிறவர்கள் ராட்டினத்தில் கயிற்றைப் போட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். "சித்தெ இருங்க, பையன் மேல வந்துறட்டும்" என்பார். அது ஆளில்லாத கிணறு, உள்ளே யாரும் இல்லை என்று எட்டிப் பார்க்கச் சொன்னால், எட்டிப் பார்த்துவிட்டு, "கல்லுக்கு அடியில நிக்கறானுங்க, உங்களுக்குத் தெரியாது" என்பார். சோற்றுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். சமையல்கார அம்மாள் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைப்பாள், காக்கைதான் தின்னும்.

ஐயன் பேக்டரியில் லீவு சொல்லிவிட்டு அன்னூர்ப் பக்கம் போய் அந்தக் காட்டுக்காரரைத் தேடிப் பிடித்தார். என்னையும் கூட்டிப்போனார். அந்தக் கிணற்றில் கவலை இல்லை. பைக்காராவிலிருந்து வந்த கரண்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, வாரி எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தது. காட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். ராக்கியண்ணனுக்கு ஒரே பையன், வேலான் என்று பேர், பதிமூன்று வயது. ஒரு நாள் சால் பாதிக் கிணற்றில் ஒரு கல் முனையில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிடப் பையன் உள்ளே இறங்கினான். மேலே மாடு பூட்டியபடி நின்றது. ராக்கியண்ணன் வடத்தின்மேல் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். பையன் உள்ளேயிருந்து எதையோ சொல்லிச் சிரித்தானாம், இவரும் சிரித்தாராம். தினமும் ஆயிரம் தடவை பாடுகிற வாய்; சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதுவாகவே முதல் அடியை முணுமுணுத்துவிட்டது.

மாடு இறங்கிவிட்டது. இவர் நிறுத்தக் கத்தியும், பாரம் இழுத்த வேகத்தில் வாரியின் அடிக்குப் போய்த்தான் நின்றது. சால் பையனைக் கல்லில் அடித்துவிட்டு மேலே வந்தது; பையன் உயிரோடு வரவில்லை.

"அவரு பழக்குன மாடுகதான். நல்ல மாடுக. நல்ல மாடாப் போனதுதான் கேடு" என்றார் காட்டுக்காரர். ராக்கியண்ணன் அதற்குப் பிறகு ஒரு நாளும் வாய் திறந்து பாடியதில்லையாம். மாடுகளை அடிக்கவும் இல்லையாம். அவற்றை விற்ற அன்று மட்டும் அவற்றின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாராம்.

 ஐயன் வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் சொன்னார். ஆத்தா அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள், மெட்டுக் கொடுத்தது அவள்தானே. அழுது முடித்தவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். கவலை ஓட்டுகிறவர்கள் பொழுது சாயும்போது கடைசியாக ஒரு அடி பாடித்தான் மாட்டை அவிழ்ப்பார்கள். அது பாடாமல் நுகத்தை இறக்க மாட்டார்கள். பாடினால்தான் மாட்டுக்கும் ஆளுக்கும் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. "அன்னிக்கு அதப் பாடியிருக்க மாட்டாரல்லோ. இன்னும் அவருக்கு மாடு பூட்டுனபடியே நிக்குதுங்க. அந்த அடியப் பாடி அவுத்து உடுங்க" என்றாள்.

ஐயனுக்கு முகம் தெளிந்தது. அந்த ஒரு வாரமும் பேக்டரியிலிருந்து வந்ததும் வராததுமாக ஆத்தாவை உட்கார வைத்து அந்த அடியைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிப் பழகினார்.

போதுமடா செவலை, பொழுது சாஞ்சு போச்சு
நொகத்த எறக்கி வெச்சேன், ஊடு போய்ச் சேரு

ஞாயிற்றுக்கிழமை மடத்தில் யாரையும் கூட்டவில்லை. பெட்டியைக் கிணற்றடிக்கே கொண்டுபோனார். ராக்கியண்ணன் அதற்குள் பாதியாக இளைத்திருந்தார். ஐயன் அவர் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாகத் துருத்தியை அசைத்து, "போதுமடா செவலை" என்று ஆரம்பித்தார். ராக்கியண்ணனின் தலை ஆடியது. அந்த அடியை அவருக்கு அடையாளம் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான், இனிமேல் சோற்றுக்கு எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஐயன் முகத்திலும் அதே நினைப்பைப் பார்த்தேன்.

"நொகத்த எறக்கி" என்று ஐயன் எடுத்தபோது அந்த எலும்புக் கை வந்து துருத்தியின்மேல் அழுந்தியது. பெட்டி ஒரு முனகலோடு நின்றது.

"மாட்ட அவுத்துப்போடாதீங்க தம்பி" என்றார், கெஞ்சுகிற மாதிரி. "பையன் இன்னும் மேல வருலீங்க."

  வந்துவிட்டான் என்று சொல்லலாமா, வரமாட்டான் என்று சொல்லலாமா?  பிறகு ஐயன் பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டார். அந்தக் கொக்கியைத்தான் போன மாதம் கோமதி திறந்தாள்.

மார்கழி பிறப்பதற்குள் ராக்கியண்ணன் போய்விட்டார், அந்தக் கிணற்றடியிலேயே. ஐயன் ஒரு தோள் கொடுத்தார். வழியில் யாரோ, ஒரு பாட்டுப் பாடிக் கொண்டுபோகலாமே என்றார்கள். ஐயன் கேட்காத மாதிரி நடந்தார். அதற்குப் பிறகு அவர் மடத்துக்குப் போகவே இல்லை. பழனியாத்தாள் இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். கைகாட்டிக்காரர் வண்டி ஏறாமலே செத்துப்போனார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். ஆத்தாவும் அந்த மெட்டை மறுபடி வாயில் எடுக்கவில்லை. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் கல் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மடம் இருந்த இடம் இன்று காந்திபுரத்தின் நெரிசலுக்குள் எங்கேயோ இருக்கிறது. துணிக்கடைகளும் லாட்ஜுகளும், டவுன் பஸ் ஹாரனும். கிணற்றைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடி அதன்மேல் ஒரு கடை நிற்பதாகச் சொன்னார்கள். எந்தக் கடை என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கவலை ஏற்றமும் எங்கும் இல்லை. அது போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு பொத்தானைத் தட்டினால் தண்ணீர் வருகிறது, எந்தப் பிள்ளையும் சாலை எடுத்துவிடக் கிணற்றில் இறங்க வேண்டியதில்லை. அந்த மெட்டுத் தெரிந்தவர்களில் ஐயன் போனார், ஆத்தா போனாள். எனக்குத் தெரிந்தவரை மிச்சம் நான் ஒருவன்தான்.

கோமதி, உனக்கு அதைச் சொல்லித் தரச் சொல்லிக் கேட்காதே. போன வாரம் காந்திபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, சும்மா நின்ற வாய், "எறங்கி வாடா" வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டேன். காலுக்கு அடியில் எந்தப் பலகைக்குக் கீழே அந்தக் கிணறு இருக்கிறதோ தெரியாதே.